விசையை நகர்த்துவது வெட்டுவதற்கு முன்பா, பின்பா?

கேள்வி இதுதான்: மெக்கானிக்ஸ் பாடத்தில் மூன்று விதி சொல்லிக்கொடுக்கிறார்கள். விசையை வேறு புள்ளிக்கு நகர்த்தினால் கூடவே ஒரு மொமென்ட் (விசை × தூரம் என்ற சுழற்றும் அளவு) போடு. பரவிக் கிடக்கும் பளுவை ஒரே விசையாக மாற்று. கப்பிளை (சம அளவில் எதிரெதிராக இருந்து சுழற்ற மட்டும் செய்யும் விசை ஜோடியை) எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். இப்படிச் செய்தால், ஆதாரங்கள் திருப்பித் தாங்கும் விசையான ரியாக்‌ஷன் எல்லாம் சரியாக வருகிறது. அதே படத்தை வைத்து, பீமை (உத்தரத்தை) உள்ளே வளைக்கும் பெண்டிங் மொமென்ட் போட்டால் விடை தப்புகிறது. விதி சரியென்றால் விடை ஏன் தப்ப வேண்டும்?

விதியில் தப்பில்லை, அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. இரண்டு விசைத் தொகுதிகளின் கூட்டுத்தொகையும் சமம், ஏதாவது ஒரு புள்ளியைப் பற்றிய மொத்த மொமென்டும் சமம் என்றால், ஒரு முழுத் திண்பொருளை அவை இரண்டும் ஒரே மாதிரி தள்ளும், ஒரே மாதிரி சுழற்றும். அவ்வளவுக்குத்தான் உத்தரவாதம். பொருளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது இந்தக் கணக்கில் வராது. உள்ளே நடப்பதைப் பார்க்கப் பீமைக் கற்பனையாக நடுவில் வெட்டிய உடனே நீங்கள் கையில் வைத்திருப்பது வேறு பொருள். அதன் மேல் என்னென்ன விசை இருக்கிறது என்பதை மூலப் படத்திலிருந்து மறுபடி பார்க்க வேண்டும், சுருக்கிய படத்திலிருந்து அல்ல. முதலில் வெட்டு, பிறகு சுருக்கு. இந்த வரிசை மாறும் இடத்தில்தான் உங்கள் விடை தப்பியிருக்கிறது.

எண்களில் பார்ப்போம். கிலோநியூட்டனைக் கி.நி. என்றும், கிலோநியூட்டன்-மீட்டரைக் கி.நி.மீ. என்றும் எழுதுகிறேன்.

6 மீட்டர் பீம், இரு முனையிலும் சாதாரண ஆதாரம், நீளம் முழுக்க மீட்டருக்கு 20 கி.நி. பளு. மொத்தம் 120 கி.நி. அதை நடுவில் ஒரே விசையாக வையுங்கள். ஆதாரத்துக்கு 60, 60. சரியான விடை. இப்போது நடுவில் பெண்டிங் மொமென்ட் என்ன? சுருக்கிய படத்தை அப்படியே வைத்தால் 60 × 3 = 180 கி.நி.மீ. உண்மையில் வரவேண்டியது 90. சரியாக இரண்டு மடங்கு வித்தியாசம். ஏனென்றால் வெட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் 60 கி.நி. பளுவையும் இடப்பக்கம் இருக்கும் 60 கி.நி. பளுவையும் வெட்டின் மேலேயே கொண்டுவந்து குவித்துவிட்டீர்கள். வெட்டியபின் சுருக்கினால், இடது பாதியில் இருப்பது 60 கி.நி. மட்டும், அதன் இடம் வெட்டிலிருந்து 1.5 மீட்டர். 60 × 3 − 60 × 1.5 = 90. இங்கேயும் பளுவை ஒரே விசையாக்கித்தான் போட்டோம், ஆனால் பாதிப் பீமுக்கு உரிய விசையாக.

இந்த உதாரணத்தில் விடை கூடுதலாக வந்ததால், தப்பு செய்தாலும் பாதுகாப்பான பக்கம்தான் என்று யாராவது சொல்லலாம். தண்ணீர்த் தொட்டிச் சுவரை எடுத்தால் அந்த நிம்மதி போய்விடும். 3 மீட்டர் ஆழத் தண்ணீர், அடியில் மட்டும் பிடிமானம் உள்ள சுவர். அழுத்தம் மேலே பூஜ்யம், அடியில் 9.81 × 3, அதாவது சதுர மீட்டருக்கு 29.4 கி.நி. இந்த முக்கோணத்தின் தொகுபயன் விசை, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 44.1 கி.நி. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 1 மீட்டரில் அது செயல்படும். அடியில் மொமென்ட் 44.1 கி.நி.மீ. இதுவரை சரி. இப்போது சுவரின் பாதி உயரத்தில், 1.5 மீட்டரில் வெட்டுகிறோம். சுருக்கிய படத்தை நம்பினால் விசை வெட்டுக்குக் கீழே போய்விட்டது. மேலே ஒன்றும் இல்லை, மொமென்ட் பூஜ்யம், அங்கே கான்கிரீட்டுக்குள் கம்பியே வேண்டாம் என்று வரும்! வெட்டுக்கு மேலே 1.5 மீட்டர் தண்ணீர் நின்றுகொண்டுதானே இருக்கிறது? அதன் விசை 11 கி.நி., வெட்டிலிருந்து அரை மீட்டர் மேலே. மொமென்ட் 5.5 கி.நி.மீ. அடியில் உள்ளதில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் பூஜ்யம் அல்ல.

கப்பிளுக்கும் இதே கதை. அதே 6 மீட்டர் பீமில் பளுவை எடுத்துவிட்டு 24 கி.நி.மீ. கப்பிள் ஒன்றைக் கடிகாரச் சுற்றில் வையுங்கள். எங்கே வைத்தாலும் இடது ஆதாரம் 4 கி.நி. கீழ்நோக்கி இழுக்கும், வலது ஆதாரம் 4 கி.நி. மேல்நோக்கித் தாங்கும். ரியாக்‌ஷனுக்கு அது போதும். நடுவில் வைத்தால் பெண்டிங் மொமென்ட் −12 வரை இறங்கி, ஒரே தாவலில் +12-க்கு ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு வரும். இடது முனையில் வைத்தால் 24-இல் தொடங்கி வலது முனைவரை சரிந்துகொண்டே போகும். ரியாக்‌ஷன் ஒன்றே, உச்ச மொமென்ட் இரட்டிப்பு.

ஒரு விசையை அதன் செயல்கோட்டிலேயே (அது செயல்படும் திசையில் போகும் நேர்கோட்டிலேயே) முன்னும் பின்னும் தள்ளலாம், மொமென்ட் சேர்க்க வேண்டாம் என்பதும் இப்படித்தான். ஒரு கம்பியின் இரு முனைகளையும் வெளிப்பக்கமாக 10 கி.நி. வீதம் இழுக்கிறீர்கள். இரண்டு விசையையும் கோட்டிலேயே நகர்த்தி எதிர் எதிர் முனைக்குக் கொண்டுபோனால் சமநிலை கெடவில்லை. ஆனால் இழுபட்டுக்கொண்டிருந்த கம்பி இப்போது நசுங்குகிறது.

இனி, மொமென்ட் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருகிறேன். நிறையப் பேர் அதை ஏதோ அபராதக் கட்டணம் போல மனப்பாடம் செய்கிறார்கள், அதனால் குறியைத் தப்பாகப் போடுகிறார்கள். விசை அ என்ற புள்ளியில் இருக்கிறது, ஆ-வுக்கு நகர்த்த வேண்டும். ஆ-வில் அதே அளவு விசை ஒன்றை அதே திசையிலும், இன்னொன்றை எதிர்த்திசையிலும் போடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், எதுவும் மாறவில்லை. இப்போது அ-வில் உள்ள மூல விசையும் ஆ-வில் உள்ள எதிர் விசையும் சேர்ந்து ஒரு கப்பிள். மிஞ்சியது ஆ-வில் மூல விசையின் நகல். அவ்வளவுதான். கப்பிள் என்ற இந்தக் கருத்தைத் தனியாக எடுத்து, நிலையியலின் நடுவில் வைத்தவர் பிரெஞ்சுக் கணிதர் லூயி புவான்சோ. அவருடைய நூல் வந்தது 1803-இல். குறிக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: பழைய இடத்தில் இருந்தபோது அந்த விசை, புதிய புள்ளியை மையமாக வைத்து எந்தப் பக்கம் சுழற்றப் பார்த்தது? அதே பக்கம்தான் கப்பிளும். எதிர்ப்பக்கம் அல்ல.

செயல்கோட்டில் தள்ளும் உரிமையைத் தேர்வில் ஒழுங்காகப் பயன்படுத்தினால் பாதி வேலை மிச்சம். சாய்வான விசையைக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மொமென்டையும் கூட்டலாம் என்பது பிரெஞ்சுக் கணிதர் வரிக்னானின் தேற்றம். 1687-இலேயே அவர் தன் இயக்கவியல் திட்டத்தை வெளியிட்டுவிட்டார். விசையை அதன் கோட்டில் எங்கே வைத்துப் பிரிப்பது என்பது உங்கள் இஷ்டம். சுழல் புள்ளியிலிருந்து வலப்பக்கம் 0.6 மீட்டர், மேலே 0.2 மீட்டர் தள்ளி ஒரு விசை. அதன் கூறுகள் வலப்பக்கம் 30 நியூட்டன், கீழ்நோக்கி 40 நியூட்டன். அங்கேயே கணக்கிட்டால் 40 × 0.6 + 30 × 0.2 = 30 நியூட்டன்-மீட்டர், கடிகாரச் சுற்றில். அதற்குப் பதில் விசையைத் தன் கோட்டிலேயே சுழல் புள்ளியின் மட்டத்துக்கு இறக்குங்கள். அந்த இடம் 0.75 மீட்டர் தள்ளி இருக்கும். கிடைக்கூறு இப்போது சுழல் புள்ளி வழியாகவே போகிறது, மொமென்ட் கிடையாது. 40 × 0.75 = 30. கணக்குச் சரியா என்று பார்க்கவும் இதுவே வழி.

விசையையும் மொமென்டையும் ஒரு புள்ளிக்குக் கொண்டுபோவதன் உண்மையான ருசி போல்ட் இணைப்பில் தெரியும். தூணில் ஒரு பிராக்கெட் தகடு, நான்கு போல்ட். போல்ட்களின் மையப்புள்ளியிலிருந்து ஒவ்வொன்றும் கிடையில் 40 மில்லிமீட்டர், செங்குத்தில் 30 மில்லிமீட்டர் தள்ளி, நான்கு மூலையிலும் இருக்கின்றன. மையத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் தூரம் 50 மி.மீ. மையத்திலிருந்து 200 மி.மீ. வலப்பக்கம் தள்ளி 20 கி.நி. பளு தொங்குகிறது. நான்கு போல்ட், 20 கி.நி., ஆளுக்கு 5 என்று வகுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம். நாம் பளுவை மையத்துக்கு நகர்த்துவோம்: 20 கி.நி. கீழ்நோக்கி, கூடவே 20 × 0.2 = 4 கி.நி.மீ. கடிகாரச் சுற்றில். முதல் பகுதி ஆளுக்கு 5 கி.நி. என்பது சரி. இரண்டாவது பகுதிக்கு ஒவ்வொரு போல்ட்டிலும் ஆரத்துக்குச் செங்குத்தாக ஒரு விசை வரும். எல்லாம் ஒரே தூரத்தில் இருப்பதால் பங்கும் சமம்: 4000 ÷ (4 × 50) = 20 கி.நி. மொமென்டால் மட்டும் இருபது!

இந்த இருபதைக் கூறாக்கினால் கிடையில் 12, செங்குத்தில் 16. வலப்பக்கப் போல்ட்களில் செங்குத்துக் கூறு கீழ்நோக்கி, நேரடி 5-உடன் சேர்ந்து 21. இடப்பக்கப் போல்ட்களில் அது மேல்நோக்கி, 5 கழிந்து 11. எனவே வலப்பக்கம் 12-ம் 21-ம் சேர்ந்து 24.2 கி.நி., இடப்பக்கம் 12-ம் 11-ம் சேர்ந்து 16.3 கி.நி. விடையைச் சோதிக்க, செங்குத்துக் கூறுகளைக் கூட்டுங்கள்: கீழ்நோக்கி 42, மேல்நோக்கி 22, மிச்சம் 20. சரி. ஐந்து என்று நினைத்து வைத்த போல்ட் உண்மையில் சுமப்பது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பளுவை நகர்த்தியபோது மொமென்டை மறந்தால் நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான். பளு அதிகமாகவில்லை, தள்ளி இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

இங்கே நியாயமாக ஒரு சந்தேகம் வர வேண்டும். பொருளுக்குள் நடப்பதைச் சமான விசை சொல்லாது என்றால், போல்ட்டுக்குப் போகும் விசையை மட்டும் எப்படி நம்பிக் கணக்கிட்டோம்? நாம் தகட்டையே திண்பொருளாக எடுத்து, போல்ட்களை அதன் வெளி ஆதாரமாக வைத்தோம். தகடு வளையாது என்பது இதில் ஒளிந்திருக்கும் அனுமானம். பொதுவாகவே, பளு செயல்படும் இடத்திலிருந்து வெட்டுமுகத்தின் அகலம் அளவுக்கு விலகிவிட்டால், அந்தப் பளு எப்படிப் பரவியிருந்தது என்பதன் விவரம் தேய்ந்துபோய், மொத்த விசையும் மொத்த மொமென்டும்தான் மிஞ்சும். 1855-இல் பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனன்ட் சொன்னது இது. பொறியாளர்கள் தைரியமாகச் சுருக்கிக் கணக்குப் போடுவது இதை நம்பித்தான். சன்னமான தகட்டில் மடித்த சி-சேனல் போன்றவற்றில் முறுக்கம் வரும்போது மட்டும் அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே விவரம் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை.

முப்பரிமாணக் கணக்கு என்றால் பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் அங்கே யோசிக்க வேண்டியது குறைவு, வெக்டார் பெருக்கல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஒற்றைத் தூணிலிருந்து கை நீட்டி நிற்கும் வழிகாட்டிப் பலகையை எடுப்போம். பலகை 3 மீட்டருக்கு 2 மீட்டர். அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 6 மீட்டர் உயரம், தூணிலிருந்து 2 மீட்டர் பக்கவாட்டில். சென்னைக்கு ஐ.எஸ். 875 (கட்டடப் பளுக்களுக்கான இந்தியத் தர விதி) மூன்றாம் பகுதி தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். காற்றின் அழுத்தம் 0.6 × 50² = 1500 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 1.5 கி.நி. (நிலப்பரப்பு, வடிவம் சார்ந்த குணகங்களை இங்கே விட்டுவிடுகிறேன், டிசைனில் விடக் கூடாது.) பலகையில் காற்று விசை 9 கி.நி., பலகையின் எடை 2 கி.நி. என்று வைப்போம்.

அச்சுகளை இந்த வரிசையில் எழுதுகிறேன்: கை நீளும் திசை, காற்று அடிக்கும் திசை, மேல்திசை. தூணின் அடியிலிருந்து பலகைக்கு நிலைவெக்டார் (2, 0, 6). விசை (0, 9, −2). நிலைவெக்டாரை முதலில் வைத்துப் பெருக்குங்கள், வரிசை மாறினால் எல்லாக் குறியும் தலைகீழ். கிடைப்பது (−54, 4, 18). முதல் எண் காற்றால் தூண் பின்பக்கம் சாய்வது, 54 கி.நி.மீ. இரண்டாவது, பலகையின் எடையால் கை பக்கம் சாய்வது, வெறும் 4. மூன்றாவது, தூணை முறுக்குவது, 18. அடித்தகட்டில் நங்கூர போல்ட் போடுகிறவர் சாய்வை மட்டும் பார்த்துவிட்டு இந்த 18-ஐ விட்டுவிடக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மொத்த விசையையும் மொத்த மொமென்டையும் புள்ளிப் பெருக்கல் செய்யுங்கள்: 9 × 4 + (−2) × 18 = 0. எந்தப் புள்ளியைப் பற்றி எடுத்தாலும் இந்தப் பெருக்கல் மாறாது. பூஜ்யம் என்றால் எல்லாவற்றையும் ஒற்றை விசையாகச் சுருக்கலாம் என்று பொருள். நாம் ஒரே புள்ளியில் இருந்த விசையைத்தானே நகர்த்தினோம், பூஜ்யம் வராவிட்டால்தான் ஆச்சரியம். இப்போது தூணின் சொந்த எடை 10 கி.நி.-ஐச் சேருங்கள். அது நேராக அடிக்குள் இறங்குவதால் மொமென்ட் மாறாது. விசை (0, 9, −12) ஆகிறது, அளவு சரியாக 15. பெருக்கல் 36 − 216 = −180. இனி எந்தப் புள்ளிக்குக் கொண்டுபோனாலும் இதை ஒற்றை விசையாக்க முடியாது. 15 கி.நி. விசையின் கோட்டைச் சுற்றியே 180 ÷ 15 = 12 கி.நி.மீ. முறுக்கு மிஞ்சும். ஸ்க்ரூடிரைவரை அழுத்திக்கொண்டே திருப்புவது போன்ற ஜோடி இது. ஒரு தளத்தில் கிடக்கும் விசைகளுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. அங்கே மொமென்ட் எப்போதும் விசைக்குச் செங்குத்து என்பதால், மொத்த விசை பூஜ்யமாக இல்லாதவரை ஒற்றை விசையாக்கிவிடலாம்.

வெட்டு என்றால் நீங்கள் பேனாவால் போடும் வெட்டு மட்டும் அல்ல. பீமுக்குள் ஹிஞ்ச் (மொமென்டைக் கடத்தாமல் திரும்ப விடும் கீல்) இருந்தால் அது ஏற்கெனவே இரண்டு பொருள். இடது முனை அ-வில் சுவருக்குள் பதிந்திருக்கிறது, அங்கிருந்து 4 மீட்டரில் ஹிஞ்ச், 7 மீட்டரில் ரோலர் (உருளை ஆதாரம்). ஹிஞ்சைத் தாண்டி 1 மீட்டரில் 12 கி.நி. பளு. வலது துண்டு 3 மீட்டர். ரோலருக்கு 4, ஹிஞ்சுக்கு 8. அ-வில் மொமென்ட் 8 × 4 = 32 கி.நி.மீ. இந்தப் பளுவை ஹிஞ்சுக்கு நகர்த்தி, 12 கி.நி.மீ. கப்பிளை வலது துண்டின் மேலேயே வைத்தால் அதே 32 வரும். கப்பிளை ஹிஞ்சுக்கு இடப்பக்கம் வைத்தீர்களோ, ரோலருக்குப் பூஜ்யம், அ-வில் 12 × 4 + 12 = 60. இங்கே பெண்டிங் மொமென்ட் மட்டுமல்ல, ரியாக்‌ஷனே தப்பிவிட்டது. கப்பிளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற வாக்கியத்துக்குப் பின்னால் "அதே பொருளின் மேல்" என்று சேர்த்து எழுதிவையுங்கள்.

கடைசியாக, எதிர்த்திசையில் ஒரு பயன்: விசையும் மொமென்டும் இருக்கின்றன, மொமென்டை ஒழித்து ஒற்றை விசையாக்குவது. மொமென்டை விசையால் வகுத்தால் வரும் தூரம் நகர்த்தினால் போதும். அடித்தளம் டிசைன் செய்கிறவர்கள் இதை அன்றாடம் செய்கிறார்கள். தூண் 600 கி.நி. பளுவையும் 90 கி.நி.மீ. மொமென்டையும் இறக்குகிறது. 90 ÷ 600 = 0.15 மீட்டர். அதாவது பளு நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளி இறங்குவதற்குச் சமம். அடித்தளம் 1.8 மீட்டர் சதுரம் என்றால், அகலத்தில் ஆறில் ஒரு பங்கு 0.3 மீட்டர். அதற்குள் இருப்பதால் அடி முழுவதும் மண்ணை அழுத்தும். ஒரு ஓரத்தில் சதுர மீட்டருக்கு 278 கி.நி., மறு ஓரத்தில் 93. (அடித்தளத்தின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை.) அடித்தளத்தின் நடுவையே அந்தப் பக்கம் 15 செ.மீ. தள்ளிக் கட்டினால் எங்கும் சீராக 185.

ஆனால் அந்த மொமென்ட் நிரந்தரமாக ஒரே பக்கம் இருந்தால்தான் இந்தத் தந்திரம் பலிக்கும். காற்றாலோ நிலநடுக்கத்தாலோ வரும் மொமென்ட் திசை மாறும், தள்ளிக் கட்டிய அடித்தளத்தில் எதிர்க்காற்றின்போது விலகல் இரட்டிப்பாகும். தள்ளிக் கட்டாத அதே 1.8 மீட்டர் அடித்தளத்தில் அப்படிப்பட்ட மொமென்ட் 210 கி.நி.மீ. என்றால் விலகல் 0.35 மீட்டர், 0.3-ஐத் தாண்டிவிட்டது. ஒரு ஓரம் மண்ணைவிட்டு எழும்பும். 1.65 மீட்டர் அகலம் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். மறு ஓரத்தில் அழுத்தம் 404-க்குப் போகும். அதே 600 கி.நி., அதே 210 கி.நி.மீ., அடித்தளத்தை 2.4 மீட்டர் சதுரமாக்கிப் பாருங்கள்: ஆறில் ஒரு பங்கு 0.4 மீட்டர், விலகல் அதற்குள் வந்துவிடுகிறது. ஒரு ஓரம் 195, மறு ஓரம் 13.